போர்க்காலத்து இரவல் நூல்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுக் காலம் இடையறாது கூடி வருவது எளிய செயலன்று. தொடங்கியவர்களுக்கும், இடையில் தளராமல் இழுத்து வந்தவர்களுக்கும் என் பாராட்டுகளை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன்.

விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு "போரும் நூலகமும்". இத்தலைப்பைக் கேட்ட அளவில் தமிழர் நெஞ்சில் எழும் காட்சி ஒன்றே. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணத்தில் எழுந்த தீயே அது. அத்தீயைப் பற்றி நானும் பேசத்தான் போகிறேன். ஆயினும் அதிலிருந்து தொடங்க விரும்பவில்லை. தீயிலிருந்து தொடங்கினால் பேச்சு சாம்பலில் போய் முடிந்துவிடுகிறது. போர்க்காலத்தில் நூலகம் ஒரு சமுதாயத்தைத் தாங்கிப் பிடிப்பது எவ்வாறு என்னும் கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. ஆகவே இரவல் என்ற சிறிய சொல் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

இரத்தல் என்னும் சொல்லோடு உறவுடையது இரவல். நம் வழக்கில் அதற்குச் சற்று மதிப்புக் குறைவு. இரவல் நகை, இரவல் சேலை என்றால் முகம் சுளிக்கிறோம். வள்ளுவரும் இரவுக்கு ஓர் அதிகாரமும் இரவச்சத்துக்கு ஓர் அதிகாரமும் வகுத்துவைத்தார். ஆனால் நூலைப் பொறுத்தவரை இரவல் என்பது பெருமைக்குரிய உறவு. கொடுப்பவர், வாங்குபவர் திரும்ப வருவார் என்று நம்புகிறார். வாங்குபவர், தாம் திரும்பி வரும்போது கொடுத்தவர் அங்கே இருப்பார் என்று நம்புகிறார். இவ்விருவருக்கும் அப்பால், அடுத்து அந்நூலுக்காகக் காத்திருக்கும் மூன்றாமவர் ஒருவர் உண்டு என்பதை இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். அமைதிக் காலத்தில் இந்த ஏற்பாட்டை நாம் கவனிப்பதே இல்லை. நாளை என்ற ஒன்று உண்டா என்று தெரியாத காலத்தில்தான் அதன் பொருள் விளங்குகிறது. நூலின் உள்ளே முத்திரையிடப்பட்ட திருப்பித் தரவேண்டிய நாள் என்பது, போர்க்கால ஊரில் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் வாக்குறுதி. என் உரையின் கருத்து இவ்வளவே. இனி அதற்குரிய சான்றுகளைச் சொல்கிறேன்.

முதற்சான்று ஐரோப்பாவிலிருந்து. இன்று லிதுவேனியாவின் தலைநகராக விளங்கும் வில்னியஸ், யூதர்களின் வாய்மொழியில் வில்னா. யித்திஷ் மொழிக்கும் இலக்கியத்துக்கும் தாயகம் போன்றது. 1941 ஜூனில் ஜெர்மானியப் படை அந்நகரைக் கைப்பற்றியது. செப்டம்பர் 6ஆம் நாள் யூத மக்களை வீடுகளிலிருந்து விரட்டிச் சில தெருக்களுக்குள் அடைத்தார்கள். அடைத்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. கூட்டம் கூட்டமாகப் பொனாரி என்னும் காட்டுப்பகுதிக்குக் கொண்டு சென்று சுட்டுக் கொன்றார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் வில்னா யூதர்களில் பெரும்பகுதியினர் மாண்டனர். எஞ்சியவர்கள் ஏறத்தாழ 20,000 பேர்.

அடைக்கப்பட்ட அத்தெருக்களுள் ஒன்றான ஸ்டிராஷுன் தெருவின் 6ஆம் எண் கட்டடத்தில் முன்பே ஒரு நூலகம் இருந்தது. வார்சாவிலிருந்து போருக்குத் தப்பி வந்திருந்த ஹெர்மன் குரூக் என்ற நூலகர் அதன் கதவைத் திறந்தார். மக்களை அடைத்த அதே செப்டம்பரில் நூல்களை இரவல் கொடுக்கவும் தொடங்கினார்.

1941 அக்டோபர் 1ஆம் நாள் யூதர்களுக்குப் புனிதமான நோன்பு நாள். அன்று அந்தத் தெருக்களிலிருந்து ஏறத்தாழ 3,000 பேரைப் பிடித்துச் சென்றார்கள். பிடிபட்டவர்கள் திரும்பவில்லை. அதற்கு மறுநாள் அந்நூலகத்தில் 390 நூல்கள் கைமாறின. இக்கணக்கைக் குரூக்கே தம் அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறார். தாயை இழந்தவர், பிள்ளையை இழந்தவர், தம் முறை என்று வருமோ என்று அஞ்சி இரவெல்லாம் விழித்திருந்தவர், இவர்கள் காலையில் எழுந்து கையிலிருந்த நூலைக் கொண்டுபோய்க் கொடுத்து வேறொன்று வாங்கி வந்திருக்கிறார்கள்.

ஏன் வாங்கினார்கள்? விடை சொல்வதற்கு முன் அந்நூலகத்தில் ஒட்டப்பட்டிருந்த அறிவிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். தாள்களை மடிக்காதீர்கள், நூலில் எழுதாதீர்கள், ஈரம் படாமல் பாருங்கள், உண்ணும்போது படிக்காதீர்கள், வீட்டில் தொற்றுநோய் இருந்தால் நூலைத் திருப்பும்போது நூலகரிடம் தெரிவியுங்கள் என்பன அதன் செய்திகள். எந்த ஊர் நூலகத்திலும் காணக்கூடிய சாதாரண விதிகள்தாம். ஆனால் இவ்விதிகளைச் சொன்ன இடத்தை எண்ணிப் பாருங்கள். நாளை உயிரோடு இருப்போமா என்று அறியாத மனிதரிடம், தாளை மடிக்காதே, உனக்குப் பின் இன்னொருவர் படிக்கவேண்டும் என்று அந்த அறிவிப்பு சொல்கிறது. உனக்கும் நாளை உண்டு, உனக்குப் பின்னும் ஆள் உண்டு என்று வேறு எவரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஆட்சி அவர்களைச் சாகவேண்டியவர்கள் என்று எண்ணியது. நூலகம் அவர்களை வாசகர்கள் என்று எண்ணியது.

1942 டிசம்பர் 13ஆம் நாள் அந்நூலகம் ஒரு விழா எடுத்தது. அது இரவல் கொடுத்த நூல்களின் எண்ணிக்கை 1,00,000த்தை எட்டியிருந்தது. பத்தாம் ஆண்டு விழாவில் இருக்கும் நாம் அந்த விழாவை ஒரு கணம் நினைப்பது தகும்.

இங்கே ஒரு தடையை எழுப்பலாம். நண்பர்கள் எழுப்பவும் வேண்டும். உயிர் போகும் வேளையில் கதைப் புத்தகம் எதற்கு? மக்களைப் போராடவிடாமல் மயக்குவது ஆகாதா? இந்தத் தடையை நம்மைவிடக் கடுமையாக எழுப்பியவர் குரூக்கே. கணக்கில் தேர்ந்த அவர், வாசகர் கேட்ட நூல்களை வகை பிரித்துப் பார்த்தார். நூற்றுக்கு 78.3 பங்கு கதை இலக்கியம், 17.7 பங்கு சிறுவர் நூல்கள். மற்றத் துறைகள் அனைத்தும் சேர்ந்து வெறும் 4 பங்கு. படிப்பு பலருக்குப் போதைப் பொருளாகிவிட்டது, சூழலை மறக்கவே படிக்கிறார்கள் என்று அவரே கவலையோடு எழுதினார். அவர் எதையும் எளிதில் கொண்டாடுபவரும் அல்லர். 1942 ஜனவரியில் அந்த அடைப்புக்குள் நாடகம் அரங்கேற்ற ஏற்பாடு நடந்தபோது, இடுகாட்டில் நாடகம் ஆடலாகாது என்று எதிர்த்த அணியில் நின்றவர் அவர்.

நாடகத்தை எதிர்த்தவர் நூலகத்தை ஏன் மூடவில்லை? அவருடைய அறிக்கையிலேயே இதற்கு விடை கிடைக்கிறது. பசியையும் வலியையும் மனிதன் தாங்கிக்கொள்வான், உலகத்தோடு தொடர்பு அற்றுப்போவதைத் தாங்கமாட்டான் என்பது அவர் கண்ட உண்மை. தேர்ந்த வாசகர்கள் டால்ஸ்டாயின் "போரும் அமைதியும்" நாவலைக் கேட்டு வாங்கினார்கள். 1915இல் ஆர்மீனிய மக்கள் மலைமேல் நின்று எதிர்த்துப் போரிட்டதைச் சொல்லும் பிரான்ஸ் வெர்ஃபலின் "மூசா தாகின் நாற்பது நாட்கள்" என்ற நாவலைத் தேடிப் படித்தார்கள். தமக்கு நேர்ந்தது தமக்கு மட்டும் நேர்ந்ததன்று என்று அறிந்துகொள்ள அவர்களுக்கு வேறு வழி இல்லை. மறப்பதற்காகப் படித்தவரும் உண்டு, நிலையை உணர்ந்துகொள்வதற்காகப் படித்தவரும் உண்டு. ஒரே மனிதர் காலையில் ஒன்றுக்காகவும் மாலையில் மற்றொன்றுக்காகவும் படித்திருக்கக்கூடும். எதற்காகப் படிக்கிறாய் என்று நூலகர் யாரையும் நிறுத்திக் கேட்கவில்லை. கேட்காமல் கொடுத்ததே அவருடைய அறம் என்று நான் கருதுகிறேன்.

கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் இரு கவிஞர்களைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். ஆபிரகாம் சூட்ஸ்கேவர், ஷ்மெர்கே கச்செர்கின்ஸ்கி என்ற யித்திஷ் கவிஞர்கள் இருவர். யூதர்களின் நூல்களையும் ஏடுகளையும் தரம் பிரிக்க ஜெர்மானியர் ஒரு குழுவை அமர்த்தியபோது குரூக்கும் இவர்களும் அதில் வேலை செய்ய நேர்ந்தது. மதிப்புள்ளவை ஜெர்மனிக்குப் போகும். எஞ்சிய பெரும்பகுதி காகித ஆலைக்குப் போய்க் கூழாகும். இவர்கள் ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்து திரும்பும்போது உடைக்குள் ஏடுகளை மறைத்துக் காவலைக் கடந்து கொண்டுவந்தார்கள். பிடிபட்டால் சாவு. காவலர்கள் இவர்களைக் "காகிதப் படை" என்று கேலி செய்தார்கள். அடைப்புக்குள் இருந்தவர்களிலும் சிலர், உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவருவதை உருளைக்கிழங்காகக் கொண்டுவரக்கூடாதா என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. பசித்தவன் கேட்ட கேள்வியைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை. ஆயினும் அவர்கள் ஏடுகளைத் தொடர்ந்து கொண்டுவந்து மண்ணில் புதைத்தார்கள்.

1943 செப்டம்பரில் வில்னாவின் அடைப்பு முற்றாக அழிக்கப்பட்டது. கவிஞர் இருவரும் காட்டுக்குத் தப்பிப் போராளிகளோடு சேர்ந்தார்கள். 1944 ஜூலையில் நகரம் விடுபட்டதும் திரும்பி வந்து புதைத்தவற்றைத் தோண்டி எடுத்தார்கள். குரூக் எஸ்தோனியாவில் இருந்த அடிமை முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கும் நாட்குறிப்பு எழுதினார். 1944 செப்டம்பர் 17ஆம் நாள், சாட்சிகள் சிலர் பார்த்திருக்க அந்தக் குறிப்பேடுகளை மண்ணில் புதைத்தார். மறுநாள் அவரைக் கொன்றார்கள். அச்சாட்சிகளுள் ஒருவர் உயிர் பிழைத்து வந்து அவற்றைத் தோண்டி எடுத்தார். அதனால்தான் அவர் முகாமில் எழுதியவற்றை நாம் இன்று படிக்க முடிகிறது.

நூல்கள் அம்மக்களின் உயிரைக் காப்பாற்றவில்லை. இதை மறைத்துப் பேசுவது பொய்யாகும். இரவல் வாங்கியவர்களில் மிகப் பலர் கொல்லப்பட்டார்கள். நூலகம் சாவைத் தடுக்கும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். சாகும் நாள்வரை அவர்களை ஓர் ஊராக வைத்திருந்தது அது. எண்களாகவும் உடல்களாகவும் மட்டுமே பார்க்கப்பட்டவர்கள், ஒருவருக்கொருவர் நூல் கொடுத்து வாங்கும் மக்களாகக் கடைசிவரை வாழ்ந்தார்கள்.

அதே போரில் வேறு இரு நகரங்களையும் சுருக்கமாகக் காட்டுகிறேன். 1940 செப்டம்பரில் லண்டனின் கிழக்குப் பகுதியான பெத்னல் கிரீனின் பொது நூலகத்தின்மீது குண்டு விழுந்தது. மக்கள் இரவில் தங்கியது இன்னும் கட்டி முடிக்கப்படாத சுரங்க ரயில் நிலையத்தில். நூலகத்தார் அங்கேயே, தண்டவாளத்துக்கென அமைந்த பள்ளத்தின்மேல் பலகை பரப்பி, ஏறத்தாழ 4,000 நூல்களோடு ஒரு சிறு நூலகம் அமைத்தார்கள். படுக்கைக்குப் போகுமுன் குழந்தைகள் வந்து நூல் எடுத்துச் சென்றார்கள். அந்நூலகத்தாரில் ஒருவரான ஸ்டான்லி ஸ்னெய்த் ஒரு கவிஞர்.

மற்றது லெனின்கிராடு. 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை முற்றுகையில் கிடந்த நகரம். முதற் குளிர்காலத்தில் பசியால் மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். மின்சாரமும் வெப்பமும் நின்றுபோயின. அந்நகரின் பொது நூலகம் பெரிய கூடங்களை மூடியது. ஆனால் நூலகத்தை மூடவில்லை. ஒரு சிறிய அறையில் விளக்கு வெளிச்சத்தில் வாசகரை வரவேற்றது. தீக்குச்சி செய்வது எப்படி, மெழுகுவத்தி வார்ப்பது எப்படி என்றெல்லாம் நகரத்தார் கேட்ட கேள்விகளுக்குப் பழைய நூல்களில் தேடி விடை சொன்னது. நூலகர்களும் பசியால் மாண்டார்கள். எஞ்சியவர்கள் மேசைக்கு வந்தார்கள்.

நூலகம் மக்களைத் தாங்குகிறது என்பதை நண்பர்களைவிடப் பகைவர் நன்றாக அறிவர். அறிந்ததால்தான் எரிக்கிறார்கள். 1992 ஆகஸ்டு 25ஆம் நாள் இரவு, முற்றுகையில் இருந்த சரயேவோ நகரின் தேசிய நூலகத்தின்மீது சுற்றுமலைகளிலிருந்து குண்டுமாரி பொழிந்தது. ஏறத்தாழ 15 லட்சம் நூல்களில் பெரும்பகுதி எரிந்தது. அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் அதைப் பார்த்துவிட்டார்கள்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன்.

அந்நூலகம் தொடங்கியது எவ்வாறு என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். 1933இல் க. மு. செல்லப்பா என்னும் பெரியார் தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அதுவே விதை. மறு ஆண்டு ஆகஸ்டில் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு அது நூலகம் ஆயிற்று. பின்னர் வண. லோங் அடிகளார் முதலியோர் முன்னின்று உழைத்தனர். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் அமைத்தார். 1959இல் அந்த வெண்ணிறக் கட்டடம் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு காவற்படையினரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. கவிஞர் எம். ஏ. நுஃமான் "புத்தரின் படுகொலை" என்னும் கவிதையை எழுதினார். தமிழுலகெங்கும் அது படிக்கப்பட்டது.

அந்த 97,000 என்ற எண் நம் எல்லோருக்கும் மனப்பாடம். செல்லப்பா தொடங்கிய இரவலை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? எரிந்ததற்குப் பிறகு யாழ்ப்பாணத்து மக்கள் படிப்பதை நிறுத்திவிட்டார்களா? நிறுத்தவில்லை. 1984இல் நூலகத்தின் ஒரு பகுதியை மீண்டும் திறந்தார்கள். கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையில் அதுவும் சிதைந்தது. 1990இல் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் துளித்துளியாய்க் கிடைத்தது. கண்ணாடிப் போத்தலுக்குள் சிறு பஞ்சில் எண்ணெய் நனைத்து எரித்த "ஜாம் போத்தல் விளக்கு" வெளிச்சத்தில் ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதியது. அச்சுத்தாள் கிடைக்காதபோது நாளிதழ்கள் கோடு போட்ட பயிற்சிக் கொப்பித் தாளில் அச்சாயின. பல கைகளுக்கு ஒரே இதழ் என்றாயிற்று.

இங்கே யாழ்ப்பாணத்துக்கே உரிய ஓர் அமைப்பை மறந்துவிடக்கூடாது. அதுதான் ஊர்தோறும் உள்ள வாசிகசாலை, சனசமூக நிலையம். ஒரு கொட்டகை, ஒரு நீண்ட மேசை, இரண்டு வாங்குகள், அன்றைய பத்திரிகை. ஒருவர் உரக்கப் படிக்க நால்வர் கேட்கும் இடம். கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கற்காதவனும் கேட்கவேண்டும், தளர்ச்சி வரும்போது அக்கேள்வி ஊன்றுகோலாகும் என்பது அவர் கருத்து. பெரிய நூலகம் எரிந்த நாட்டில் சிறிய வாசிகசாலைகள் அந்த ஊன்றுகோலைத் தாங்கி நின்றன.

பொது நூலகக் கட்டடம் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் புதுக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. இன்று பிள்ளைகள் அங்கே அமர்ந்து படிக்கிறார்கள். எரிந்த சுவடிகள் திரும்பமாட்டா. அந்த இழப்பு இழப்பே. ஆனால் 1933இல் செல்லப்பா வீட்டில் தொடங்கிய இரவல் அறுந்துபோகவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும்.

கவிஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். எரிந்த நூலகத்தை நாம் நிறையப் பாடிவிட்டோம். அப்பாடல்கள் தேவையானவை. நெருப்பை வைத்தவன் மறந்தாலும் நாம் மறக்கலாகாது. ஆனால் தீயையே பாடிக்கொண்டிருந்தால், பாட்டின் நாயகனாக அந்தத் தீயே அமர்ந்துவிடும். போத்தல் விளக்கைக் கையால் மறைத்துக் காற்றிலிருந்து காத்தவளையும், இடம்பெயர்ந்த மூட்டையில் பாடப்புத்தகத்தை முதலில் வைத்தவனையும், வாசிகசாலை வாங்கில் உரக்கப் படித்த முதியவரையும் பாடுங்கள். புறநானூற்றுப் புலவர்கள் புரவலரை மட்டும் பாடவில்லை, இரவலரையும் பாடினார்கள். நூலை இரந்து வாங்கிய இந்த இரவலரைப் பாட நம் காலத்துக்குப் புலவர்கள் வேண்டும்.

வட்டத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். பத்தாண்டில் நம்மிடம் நூல்கள் சேர்ந்திருக்கின்றன. உறுப்பினர் வீடுகளில் கண்ணாடி அலமாரிகளில் அவை அழகாக நிற்கின்றன. கொடுத்தால் திரும்பாது என்று அஞ்சுகிறோம். உண்மைதான், சில திரும்பா. வில்னாவிலும் எல்லா நூல்களும் திரும்பவில்லை, வாங்கியவர்களே திரும்பவில்லை. அங்கேயும் கொடுத்தார்கள். பதினோராம் ஆண்டின் முதற் பணியாக ஒரு பதிவேட்டைத் திறப்போம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் நூல்களில் பத்தை அதில் எழுதட்டும். கேட்பவர்க்குக் கொடுப்போம். திருப்பித் தரவேண்டிய நாளை உள்தாளில் குறிப்போம். அமைதிக் காலத்தில் பழகாத கை ஆபத்துக் காலத்தில் நீளாது.